ஜனாஸா அறிவித்தலில் விடுபட்ட பெயர்



எங்கள் உம்மம்மா வபாத்தாகி நாற்பது நாட்கள் கடந்துவிட்டன. வீடு தேடி வந்தவர்களுக்கும், மையவாடி வரை வந்து துஆச் செய்தவர்களுக்கும், தூரத்திலிருந்து கோல் எடுத்து ஆறுதல் சொன்னவர்களுக்கும் குடும்பத்தார் சார்பில் ஜஸாகல்லாஹு ஹைரா. நன்றியோடு சேர்த்து, இத்தனை நாளும் மனதை உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு விஷயத்தையும் ஊராரோடு பகிர்ந்துகொள்ள நினைக்கிறோம்.

அன்று சுபஹுக்குப் பிறகு பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஜனாஸா அறிவித்தல் போனது. இன்னாரின் மனைவி, இன்னாரின் தாயார், இன்னாரின் மாமியார் என்று அதில் ஏழு ஆண்களின் பெயர்கள் இருந்தன. உம்மம்மாவின் பெயர் இல்லை. வட்ஸ்அப்பில் சுற்றிய அறிவித்தலிலும் இல்லை. இதற்காகப் பள்ளிவாசலைக் குறை சொல்ல முடியாது. அந்தத் துண்டை எழுதிக் கொடுத்தது பேரப்பிள்ளைகளாகிய நாங்கள்தான். அழுதழுது எழுதினோம். ஏழு பேரின் முதலெழுத்துகளும் பிழைக்காமல் இருக்கிறதா என்று இரண்டு தரம் பார்த்தோம். மௌத்தானவரின் பெயர் விடுபட்டதை ஒருவரும் கவனிக்கவில்லை.

மரணப் பதிவு அலுவலாகக் கிராம உத்தியோகத்தரிடம் போனபோதுதான் எங்களுக்கு உறைத்தது. "மௌத்தானவங்கட முழுப்பெயர்?" என்று கேட்டார். போயிருந்த மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். ஆமினா நாச்சி என்றார் ஒருவர். இல்லை, ஆமினா உம்மா என்றார் மற்றவர். கடைசியில் வீட்டுக்குக் கோல் எடுத்து, அலுமாரியில் இருந்த பழைய அடையாள அட்டையைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னோம். ஆமினா உம்மா. நபி (ஸல்) அவர்களின் தாயாருடைய பெயர். அவர் மடியில் வளர்ந்த எங்களுக்கு, அதை அட்டையில் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டியிருந்தது.

உம்மம்மாவோ யாருடைய பெயரையும் மறக்காதவர். மஃரிப் தொழுதுவிட்டுத் தன் கையால் இழைத்த பன்பாயில் இருந்தபடியே கையேந்துவார். தன் உம்மா, உம்மாவின் உம்மா, பிறந்து மூன்றாம் நாள் போன தன் தலைச்சன் மகன், 2004 டிசம்பர் 26இல் கடல் கொண்டுபோன பக்கத்து வளவுப் பிள்ளைகள் என்று ஒவ்வொருவராகப் பெயர் சொல்லித் துஆக் கேட்பார். "எல்லாருக்கும் எண்டு ஒரேயடியாக் கேட்டாப் போதாதா உம்மம்மா?" என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறோம். "அல்லாஹ்வுக்கு எல்லாப் பேரும் தெரியும் மகள். எனக்கு மறந்திடப் போடா, அதுக்குத்தான்" என்பார். அப்படிப்பட்டவரைத்தான் நாங்கள் பெயரில்லாமல் வழியனுப்பினோம்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல. வகுப்பில் பிள்ளைகளிடம் குடும்ப மரம் வரையச் சொன்னால், மூத்தாப்பாமாரின் பெயர்களை முதலெழுத்தோடு எழுதிவிடுகிறார்கள். உம்மம்மா, வாப்பும்மா என்ற கட்டங்களில் பாதிக்கு மேல் வெறுமையாகவே வருகின்றன. வீட்டில் கேட்டுக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பினால் சில வீடுகளில் பெரியவர்களே யோசிக்கிறார்கள்.

இத்தனைக்கும் நமது மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் குடி தாய்வழியாக வருகிறது. வீடும் பெண்ணுக்கே போகிறது. மாப்பிள்ளைதான் அங்கே வந்து சேர்கிறார். எங்கள் உம்மம்மா பன் கிழித்து, சாயம் போட்டு, பாய் இழைத்துச் சேர்த்த காசும் மூத்தாப்பாவின் உழைப்பும் சேர்ந்துதான் மூன்று பெண்மக்களுக்கும் வீடாகியது. நாங்கள் யார், எந்தக் குடி என்பது பெண்கள் வழியாக வந்தது. ஆனால் அந்தப் பெண்களின் பெயர்கள் இரண்டு தலைமுறைகூடத் தாண்டுவதில்லை.

பெண்ணின் பெயரை ஒலிபெருக்கியில் சொல்வது சரியில்லை, அது வெட்கம் சம்பந்தப்பட்டது என்று சிலர் நினைக்கலாம். மார்க்கம் அப்படிக் கற்றுத் தரவில்லை. அல்குர்ஆனில் 19ஆவது சூராவின் பெயரே மர்யம். மனிதர்களில் உங்களுக்கு மிக விருப்பமானவர் யார் என்று அம்ர் இப்னு ஆஸ் (ரலி) கேட்டபோது, நபியவர்கள் தயங்காமல் ஆயிஷா (ரலி) அவர்களின் பெயரைச் சொன்னார்கள். பள்ளிவாசலைக் கூட்டித் துப்புரவு செய்துவந்த ஒரு பெண் மௌத்தானதைப் பெரிதாக எண்ணாமல், ஸஹாபாக்கள் நபியவர்களுக்கு அறிவிக்காமலே அடக்கிவிட்ட சம்பவமும் புஹாரி, முஸ்லிம் கிரந்தங்களில் பதிவாகியிருக்கிறது. நபியவர்கள் அவரை விசாரித்தார்கள், ஏன் எனக்கு அறிவிக்கவில்லை என்று கேட்டார்கள், கப்றைக் காட்டச் சொல்லி அங்கே போய்த் தொழுதார்கள்.

கணவர், பிள்ளைகளின் பெயரைச் சொன்னால்தான் ஊருக்கு ஆளை விளங்கும் என்பதும் உண்மை. அதை விடச் சொல்லவில்லை. மௌத்தானவரின் பெயரை முதலில் சொல்லிவிட்டு மற்றதைச் சொல்வோம் என்றுதான் கேட்கிறோம். சில ஊர்களில் ஏற்கெனவே அப்படித்தான் செய்கிறார்கள். நிர்வாகிகள், கொண்டுவரும் துண்டில் பெயர் இல்லாவிட்டால் ஒரு வார்த்தை கேட்டு எழுதிக்கொண்டால் போதும். துக்கத்தில் இருப்பவர்களுக்கு மறந்துபோகும், எங்களுக்கு மறந்துபோனது.

இன்னும் ஹயாத்தோடு இருக்கும் உம்மம்மாவும் வாப்பும்மாவும் வாய்த்தவர்கள் இன்றிரவே பக்கத்தில் போய் இருங்கள். அவருடைய முழுப்பெயரையும், அவரின் உம்மாவின் பெயரையும், தெரிந்தால் அதற்கு முந்தியவரின் பெயரையும் கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். எங்கள் உம்மம்மா மஃரிபுக்குப் பிறகு சொன்ன பெயர்களில் நாலைந்துதான் எங்களுக்கு ஞாபகம் இருக்கின்றன. மற்றவை அவரோடே போய்விட்டன.

அன்றைய அறிவித்தலில் விட்டதை இன்று சொல்கிறோம். எங்கள் உம்மம்மாவின் பெயர் ஆமினா உம்மா. உங்கள் துஆவில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். அல்லாஹ் அவரின் பாவங்களை மன்னித்து, கப்றை வெளிச்சமாக்கி, ஜன்னத்துல் பிர்தௌஸை வழங்குவானாக. ஆமீன்.