கை ஓங்கியவன் ஒருவன். கண் மூடியவர் எத்துணைப் பேர்?

மாணவன் ஒருவன் சக மாணவரின் வதையால் மாண்டான் என்று செய்தி வந்தால், இந்த நாட்டிலே மூன்று காரியங்கள் தவறாமல் நடைபெறுகின்றன. முதல் நாள் அனுதாபம். இரண்டாம் நாள் ஆவேசம். மூன்றாம் நாள் விசாரணைக் குழு. நான்காம் நாள் ஒன்றுமே நடைபெறுவதில்லை. அடித்தவன் பிடிபட்டுவிட்டான், அத்துடன் கணக்குத் தீர்ந்தது என்று ஊரும் அரசும் ஒருசேரப் பெருமூச்சு விட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகின்றன. கணக்குத் தீர்ந்ததா? அடித்தவன் மட்டுந்தானா குற்றவாளி? அவன் அடித்துக்கொண்டிருந்த நாட்களிலெல்லாம் அதை அறிந்திருந்தும் வாளாவிருந்தவர்கள் எந்தப் பேரேட்டில் எழுதப்படுகிறார்கள்?

இக்கேள்வியை விவசாயிகளுக்கு விளக்கத் தேவையில்லை. 1986ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், நமது திருகோணமலை மாவட்டத்திலே, கந்தளாய்க் குளக்கட்டு உடைந்தது. உயிர்கள் போயின, வீடும் வயலும் அழிந்தன. அன்று எவராவது தண்ணீரைக் கைது செய்யச் சொன்னார்களா? கட்டைக் காக்கும் பொறுப்பு யாரிடம் இருந்தது என்றல்லவா கேட்டோம்! தண்ணீர் பாயும், அது அதன் இயல்பு. அதைத் தடுத்து நிறுத்தவே கட்டு. கட்டைக் காக்கவே அதிகாரி. அவருக்குச் சம்பளம் அதற்காகவே. இளமையின் முரட்டுத்தனமும் அப்படித்தான். அதற்குக் கரை கட்டுவதற்காகவே பாடசாலை இருக்கிறது, அதிபர் இருக்கிறார், விடுதிப் பொறுப்பாளர் இருக்கிறார், வலயக் கல்விப் பணிப்பாளர் இருக்கிறார். கரை உடைந்த பின் வெள்ளத்தை மட்டும் வைது என்ன பயன்?

இக்கொடுமைக்கு நாம் வைத்திருக்கும் பெயரையே பாருங்கள். பகிடிவதை என்கிறோம். பகிடி முன்னே நிற்கிறது. வதை பின்னே ஒளிந்து நிற்கிறது. நம்மவர் பலருக்கு முதற்பாதி மட்டுமே காதில் விழுகிறது. “பொடியன்கள் பகிடி விடுகிறார்கள், அதற்கென்ன?” என்று அதிபர் சிரிக்கிறார். “நாங்களும் பட்டுத்தானே வந்தோம்” என்று பழைய மாணவர் மார்தட்டுகிறார். “ஆம்பிளைப் பிள்ளை, சமாளிக்கப் பழகு” என்று பெற்ற தகப்பனே சொல்கிறார். பகிடி என்றால் இருவரும் சிரிக்க வேண்டும். ஒருவன் சிரிக்க மற்றவன் அழுதால் அதற்குப் பெயர் பகிடியன்று. பலர் சேர்ந்து நின்று ஒருவனை நாள்தோறும் அழவைத்தால் அது கோழைகளின் வேட்டை.

வரலாற்றைப் புரட்டுவோம். 1974ஆம் ஆண்டு, முன்பு வித்தியாலங்காரப் பல்கலைக் கழகம் என்றும் இன்று களனிப் பல்கலைக் கழகம் என்றும் வழங்கும் நிறுவனத்தில், பயிற்சிக்கு வந்த கணித ஆசிரியர்கள் வதைக்கப்பட்டனர். அன்றைய அரசு குலரத்தின ஆணைக்குழுவை நியமித்தது. பன்னிரண்டு மாணவர் வெளியேற்றப்பட்டனர். அத்துடன் நில்லாது, உரிய நடவடிக்கை எடுக்கத் தவறிய நான்கு அதிகாரிகள்மீதும் நடவடிக்கை எடுக்கப்பட்டது. வாசகர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இந்நாட்டில் பகிடிவதை பற்றி அன்று நடந்த அரசாங்க விசாரணையே, வதைத்தவனோடு வாளாவிருந்தவனையும் சேர்த்து நிறுத்திற்று. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் தெளிவாகத் தெரிந்த நியாயம் பிற்பாடு மங்கிப்போனது எப்படி?

மறு ஆண்டே, 1975இல், பேராதனையில், இராமநாதன் விடுதியில், ரூபா இரத்தினசீலி என்ற மாணவி வதைக்கு அஞ்சி மாடியிலிருந்து குதித்தார். உயிர் தப்பியது; உடல் முடங்கியது. இருபத்தேழு ஆண்டுகள் அந்த முடக்கத்தோடு வாழ்ந்து 2002இல் மறைந்தார். வதைத்தோரும், விடுதியைக் காத்திருக்க வேண்டியோரும் பட்டமும் பதவி உயர்வும் ஓய்வூதியமும் கண்டிருக்கக்கூடிய காலம் அது.

1997ஆம் ஆண்டு அதே பேராதனையில், பொறியியற் பீடத்துக்குச் சென்ற தமிழ் மாணவன் வரப்பிரகாஷ், உடல் தாங்காத பயிற்சிகளைச் செய்யும்படி வதைக்கப்பட்டுச் சிறுநீரகம் செயலிழந்து இறந்தான். அதே ஆண்டில் அம்பாறை ஹாடி தொழில்நுட்பக் கல்லூரியிலும் ஒரு மாணவன் அவ்வாறே மாண்டான். இத்தகைய சாவு எப்படி நேர்கிறது என்பதை வைத்தியர்கள் அறிவர். அளவுக்கு மிஞ்சி வருத்தப்பட்ட தசைகள் சிதைகின்றன. சிதைந்த பொருள் குருதியிற் கலந்து சிறுநீரகத்தை அடைக்கிறது. இது இடி விழுந்தாற்போல் ஒரு நொடியில் நேரும் மரணமன்று. உடல் வீங்கி, சிறுநீர் கறுத்து, மணித்தியாலங்களும் நாட்களும் கடந்த பின்னரே உயிரைக் கொள்ளும் கேடு. அத்தனை நேரமும் ஒரு மாணவன் எழுந்து நடக்க மாட்டாமற் கிடப்பதைக் காண வேண்டியது விடுதியை நடத்துவோரின் கடமையன்றோ?

இந்த இரு மரணங்களின் பின் 1998ஆம் ஆண்டு 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது. கல்வி நிறுவனங்களிற் பகிடிவதையையும் பிற வன்செயல்களையும் தடைசெய்யும் சட்டம். பகிடிவதைக்கு இரண்டாண்டு வரை கடூழியச் சிறை. அதனூடே பாலியல் தொல்லையோ கடுங்காயமோ விளைவித்தால் பத்தாண்டு வரை. சட்டம் கடுமையானதே. ஆயினும் அது யாரைத் தேடுகிறது? கை ஓங்கியவனைத் தேடுகிறது. புகார் கிடைத்தும் அதை மேசை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டிய தலைவரைத் தண்டிக்க அதில் தனிப்பிரிவு இல்லை.

அதே 1998ஆம் ஆண்டில், பாக்கு நீரிணைக்கு அப்பால், கேரள மாநிலமும் ஒரு சட்டம் இயற்றிற்று. அதிலே, புகார் வந்தபின் நடவடிக்கை எடுக்கத் தவறும் நிறுவனத் தலைவர் அக்குற்றத்துக்கு உடந்தையானவராகவே கருதப்படுவார் என்றும், குற்றம் செய்தவனுக்குரிய தண்டனையே அவருக்கும் உரியது என்றும் எழுதிவைத்தார்கள். ஒரே ஆண்டு, ஒரே கொடுமை, இரண்டு சட்டங்கள். ஒன்று மாணவனோடு நின்றுவிட்டது. மற்றொன்று அதிபரின் அறைக் கதவையும் தட்டிற்று. எது நீதி? நம் சட்டம் வந்து கால் நூற்றாண்டு கடந்த பின்னும், 2025ஆம் ஆண்டில், சப்ரகமுவப் பல்கலைக் கழக மாணவன் ஒருவனின் மரணத்தையொட்டி மாணவர் சிலர் கைதாயினர். கைதாகும் மாணவர் மாறுகிறார்கள். கண் மூடும் வழக்கம் மாறவில்லை.

“இவையெல்லாம் பல்கலைக் கழகச் சங்கதிகள், எங்கள் பாடசாலைகள் அப்படியல்ல” என்று கூறுவோர் உளர். பல்கலைக் கழகத்தில் வதைப்பவன் வானத்திலிருந்து விழுந்தவனா? பதின்மூன்று ஆண்டுகள் பாடசாலையில் இருந்து சென்றவன். ஆறாம் வகுப்பிலே கிழிந்த சப்பாத்தைக் கண்டு சிரித்தான், ஒருவரும் தடுக்கவில்லை. எட்டாம் வகுப்பிலே ஊரைச் சொல்லி, சாதியைச் சொல்லிப் பட்டப்பெயர் வைத்தான். ஆசிரியரும் சேர்ந்து புன்னகைத்தார். 1990இலும் 2006இலும் இடம்பெயர்ந்து அலைந்த குடும்பங்கள் நிறைந்த மாவட்டம் நமது. புதிதாக வகுப்பில் வந்து அமரும் ஏழைப் பிள்ளையின் பேச்சும் உடையும் எத்தனை பேருக்கு விளையாட்டுப் பொருளாயின என்பதை நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள்.

பாடசாலையில் விதைத்தது எவ்வளவு விரைவில் விளையும் என்பதற்குத் தமிழகத்து நாங்குநேரி சான்று. 2023 ஆகஸ்ட் 9ஆம் நாள் இரவு, தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவனை, அவனோடு படித்த வேற்றுச் சாதி மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அதிர்ச்சியிலே உறவினரான முதியவர் ஒருவர் உயிரிழந்தார். அந்த மாணவன் செய்த குற்றம் யாது? நெடுநாள் தொல்லை பொறுக்க மாட்டாமற் பள்ளிக்குப் போவதை நிறுத்தியிருந்தான். பள்ளியார் விசாரித்தபோது உண்மையைச் சொன்னான். பகலில் பள்ளிக்குச் சென்ற புகார், இரவில் அரிவாளாக அவன் வீட்டுக்கே திரும்பி வந்தது! புகாரைக் கேட்கத் தெரிந்தவர்களுக்குப் புகார் சொன்னவனைக் காக்கத் தெரியவில்லை. தமிழக அரசு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவை நியமித்தது. 2024 ஜூனில் அவர் அளித்த அறிக்கை அரிவாள் பிடித்த சிறுவரோடு நின்றுவிடவில்லை. பள்ளிப் பெயர்களில் ஒட்டியிருக்கும் சாதியை நீக்குவதும், சாதி காட்டும் வண்ணக் கயிறுகளைத் தடுப்பதும், ஆசிரியர் இடமாற்றத்தை ஒழுங்குபடுத்துவதும் வேண்டும் என்றது. அதாவது, நோய் சிறுவனின் கையில் மட்டும் இல்லை. பள்ளியை நடத்தும் முறையிலேயே இருக்கிறது என்று ஒரு நீதிபதி எழுதிக் கொடுத்தார். வெட்டுண்ட அம்மாணவனோ மறு ஆண்டு அரசுத் தேர்வில் 600க்கு 469 புள்ளிகள் பெற்றான். அவனைக் காக்கத் தவறியவர்கள் எத்தனை புள்ளி பெறுவார்கள்?

இனி, எதிர்வாதத்தைக் கேட்போம். “ஆயிரம் பிள்ளைகள், நாற்பது ஆசிரியர்கள், ஒவ்வொரு மூலையிலும் அதிபர் நிற்க முடியுமா?” முடியாது. எவரும் அப்படிக் கேட்கவில்லை. தெரியாமல் நடந்ததற்கு அதிபரைத் தண்டிக்க வேண்டாம். தெரிந்தும் விட்டதற்கும், தெரிந்துகொள்ள மறுத்ததற்கும், புகார் சொன்ன பிள்ளையையே “பாடசாலையின் பெயரைக் கெடுக்காதே” என்று அதட்டி அனுப்பியதற்குமே பதில் கேட்கிறோம். பாடசாலையின் நற்பெயர் பிள்ளையின் உயிரை விட உயர்ந்ததா? பிணத்தின்மேல் நின்று காக்கப்படும் நற்பெயர் எத்தனை நாளைக்கு?

“பெற்றார் வளர்த்த வளர்ப்பு” என்பது இன்னொரு வாதம். பெற்றாருக்கும் பங்குண்டு, மறுக்கவில்லை. ஆயினும் காலை ஏழரை மணி தொடக்கம் பிள்ளை அரசின் பொறுப்பில் இருக்கிறது. அப்பொறுப்பை நமது உயர் நீதிமன்றமே உணர்த்தியிருக்கிறது. மாத்தறை மாவட்டத்துப் புகுல்வெல்லப் பாடசாலையில் ஆசிரியர் அறைந்ததனால் ஒரு மாணவனின் செவிப்புலன் கெட்டது. 2021இல், நீதியரசர் துரைராஜா எழுதிய தீர்ப்பில், அது அடிப்படை உரிமை மீறல் என்று காணப்பட்டது. அடித்த ஆசிரியர் 150,000 ரூபாவும், அரசு 500,000 ரூபாவும் செலுத்தும்படி ஆணையிடப்பட்டது. அடித்தவரைவிட அரசின் பங்கு பெரிது! இந்தக் கணக்கை ஒவ்வொரு கல்விப் பணிமனையின் சுவரிலும் எழுதி மாட்டுதல் நன்று.

தமிழ் மக்களாகிய நமக்கு இதிலே ஒரு தனிக் கடமையும் உண்டு. 2006 ஜனவரி 2ஆம் நாள் இதே திருகோணமலைக் கடற்கரையில் நம் மாணவர் ஐவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். வழக்கில் நிறுத்தப்பட்ட பதின்மூவரும் 2019இல் விடுவிக்கப்பட்டனர். அன்று முதல் இன்று வரை நாம் உலகத்தின் முன் எதைக் கேட்டு நிற்கிறோம்? சுட்ட விரலை மட்டுமா? கட்டளையிட்டவர் யார், தடுக்கக்கூடியவராக இருந்தும் தடுக்காதவர் யார், பின்னர் மூடி மறைத்தவர் யார் என்றன்றோ கேட்கிறோம்! அரசின் படைக்கு அந்த நீதியைக் கேட்கும் நாம், நம் பாடசாலைக்கு மட்டும் வேறு நீதி வைத்திருக்கலாமா? இரண்டு கொடுமைகளும் ஒன்றல்ல. ஆயினும் பொறுப்பென்னும் அளவுகோல் ஒன்றே. அதைப் பிறர்க்கு நீட்டி, நமக்கு மடக்கி வைப்பவர் நியாயம் பேசும் உரிமையை இழப்பர்.

ஆகவே வேண்டுவன இவை. ஒவ்வொரு பாடசாலையிலும் புகாருக்கென ஓர் ஏடு வேண்டும். புகார் கொடுத்த பெற்றாருக்குத் திகதியிட்ட பற்றுச்சீட்டு அன்றே வேண்டும். எடுத்த நடவடிக்கை இத்தனை நாட்களுள் வலயப் பணிமனைக்கு எழுத்தில் அறிவிக்கப்படல் வேண்டும். அறிவிக்காதவர் விளக்கம் தரல் வேண்டும். புகார் சொன்ன பிள்ளையைப் பாதுகாக்க ஓர் ஆசிரியர் பெயர் குறித்து நியமிக்கப்படல் வேண்டும். 1998ஆம் ஆண்டுச் சட்டத்திலே, அறிந்தும் வாளாவிருந்த தலைவரை உடந்தையாளராகக் கொள்ளும் பிரிவு சேர்க்கப்படல் வேண்டும். அதைப் பாராளுமன்றத்தில் எழுப்புவது நம் பிரதிநிதிகளின் வேலை. பாடசாலை அபிவிருத்திச் சங்கங்கள் கட்டடத்துக்கும் விளையாட்டுப் போட்டிக்கும் மட்டும் கூடாமல், ஆண்டுக்கொரு முறையேனும் இந்த ஏட்டைத் திறந்து பார்க்கக் கூட வேண்டும். சட்டத்தரணிகளும் வைத்தியர்களும் கமக்காரர்களும் அச்சங்கங்களில் இருக்கிறார்கள். பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் கும்பிட்டுத் திரும்புவதோடு அவர்கள் கடமை முடிவதில்லை. பாடசாலை செவிசாய்க்காவிடின், சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது. அதை அழைக்க வெட்கப்படத் தேவையில்லை.

அன்புவழிபுரம் என்று பெயர் சூட்டிய ஊரிலிருந்து இதை எழுதுகிறோம். அன்பு வழி என்பது கண்ணை மூடிக்கொண்டு நடக்கும் வழியன்று. எளியவன்மேற் கை ஓங்கப்படும்போது குறுக்கே போய் நிற்பதே அது. கை ஓங்கிய சிறுவனைத் திருத்தவும் தண்டிக்கவும் நீதிமன்றம் உண்டு. கண் மூடிய பெரியவரைக் கேள்வி கேட்க வேண்டியவர்கள் நாம். அடுத்த பாடசாலைக் கூட்டத்தில் எழுந்து நின்று கேளுங்கள்: “அந்த ஏடு எங்கே, ஐயா?”

— அன்புவழிபுரத்தான்