பிள்ளைகளுக்கு ஆர்வம் இல்லையாம்!

கொஞ்சம் நீளமான பதிவு. இசை வகுப்பு நடத்துகிறவர்களும், பிள்ளைகளைப் பாட்டு வகுப்புக்கு அனுப்புகிற பெற்றோரும் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

எங்கள் மரக்காணம் பகுதியில் இரண்டு இளைஞர்கள் கடந்த ஜூன் மாதம் ஒரு மாலை நேர இசை வகுப்பு தொடங்கினார்கள். வாய்ப்பாட்டும் மிருதங்கமும். புதுச்சேரியிலிருந்து ஓர் ஆசிரியர் வாரத்துக்கு மூன்று நாள் பஸ் பிடித்து வந்து சொல்லித் தருகிறார். சேர்ந்தவர்கள் 31 பேர். இப்போது ஐப்பசி. மிச்சம் 9 பேர். "பிள்ளைங்களுக்கு ஆர்வமே இல்ல சார், எல்லாம் செல்போன்தான். பொங்கலோட மூடிடலாம்னு இருக்கோம்" என்கிறார்கள் தம்பிகள்.

எனக்குச் சங்கீதம் கேட்கத்தான் தெரியும், பாடத் தெரியாது. ஆனால் 33 ஆண்டுகள் பிள்ளைகள் வகுப்புக்கு வருவதையும் நிற்பதையும் பார்த்தவன். அந்த உரிமையில் சொல்கிறேன். ஒரு பிள்ளைக்கு ஆர்வம் இல்லை என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் நாம் யோசிக்க வேண்டியதில்லை. அதனால்தான் அந்தச் சொல் நமக்கு இவ்வளவு வசதியாக இருக்கிறது.

முதலில் காலண்டரைப் பாருங்கள் தம்பி. நம் ஊரில் தை பிறந்தால் பாத்தி சீர் செய்ய ஆரம்பிப்பார்கள். பிறகு மழை தொடங்கும் வரை உப்பளத்தில் வேலை. வெயில் ஏறும் முன் உப்பு வார வேண்டும் என்று விடியுமுன்னே அப்பா அம்மா இருவரும் கிளம்பிவிடுவார்கள். தண்ணீர் பிடிப்பது, சின்னவனைப் பார்த்துக்கொள்வது, உலை வைப்பது எல்லாம் மூத்த பெண் தலையில். அந்தப் பெண் மாலை ஐந்தரைக்கு உங்கள் வகுப்பில் வந்து உட்கார்ந்தால் கொட்டாவிதான் வரும். நீங்கள் வகுப்பு தொடங்கியது ஜூன் மாதம். வேலை நடுவில்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை பாத்தியில் தண்ணீர் நிற்கும். வேலை இல்லை. வீட்டில் ஆள் இருக்கிறது, பொழுது இருக்கிறது, காசு இல்லை. அந்த மாதங்களுக்கென்று உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு அரசு 5,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தது என்றால் நிலைமை எப்படி என்று புரிந்துகொள்ளுங்கள். அந்த மூன்று மாதமும் நீங்கள் மாதக் கட்டணம் கேட்டால் என்ன ஆகும்? இரண்டு மாதம் பாக்கி வைத்த பிள்ளை மூன்றாம் மாதம் வாசலுக்கே வராது. ஏன் வரவில்லை என்று கேட்டால் "பிடிக்கல சார்" என்று சொல்லும். காசு இல்லை என்று சொல்ல அதற்கு மானம் தடுக்கிறது. நாம் அதை 'ஆர்வம் இல்லை' என்று பதிவேட்டில் எழுதிக்கொள்கிறோம்.

பிள்ளைகளுக்கு நேரம் கிடைத்திருக்கிற மாதத்தில் வகுப்பை மூடுவது, சந்தை கூடுகிற நாளில் கடையைச் சாத்துவது போல. கட்டணத்தைக் கோடையில், வீட்டில் கூலி வருகிற நாளில் வாங்குங்கள். மழை மாதங்களில் கட்டணம் வேண்டாம். வகுப்பை மட்டும் வாரம் ஐந்து நாளாக்குங்கள். புயல் வந்தால் விடுமுறை விட்டு அடுத்த வாரம் ஈடு செய்யுங்கள். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் இந்தப் பக்கம்தான் கரை கடந்தது. அதன் பிறகும் நம் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத்தானே செய்தார்கள்.

அடுத்தது, என்ன சொல்லித் தருகிறோம் என்பது. நான்கு மாதமாக சரளி வரிசையும் ஜண்டை வரிசையும் நடக்கின்றன. புரந்தரதாசர் வகுத்ததாகச் சொல்லப்படும் முறை அது. நானூறு ஆண்டுக்கு மேலாக நிற்கிற அடித்தளம், அதைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் அந்த முறையில் கற்ற பழைய தலைமுறைப் பிள்ளைகள் வரிசையை மட்டுமா கற்றார்கள்?

நாதசுர மேளத்தை நினைத்துப் பாருங்கள். முன்பெல்லாம் ஒத்து ஊத ஒரு பையன், தாளம் போட ஒரு பையன் கூடவே போவார்கள். இப்போது ஒத்துக்குப் பதில் சுருதிப் பெட்டி வந்துவிட்டது. அந்தப் பையனுக்கு ஒரு கீர்த்தனைகூட வாசிக்கத் தெரிந்திருக்காது. ஆனாலும் கோயில் வாசலில், கல்யாண ஊர்வலத்தில், பெரியவர்கள் பக்கத்தில் அவனுக்கு ஓர் இடம் இருந்தது. ஊர் அவனைப் பார்த்தது. மறுநாள் காலை வீட்டில் சாதகம் செய்ய அவனுக்கு அதுவே போதும். நாம் வரிசைகளை மட்டும் எடுத்துக்கொண்டு அந்த இடத்தை விட்டுவிட்டோம். நான்கு சுவருக்குள் நான்கு மாதம் யாருமே கேட்காமல் ஒரு பிள்ளை எதற்காகப் பாட வேண்டும்?

வெனிசுவேலா நாட்டில் 1975-இல் ஹோசே அந்தோனியோ அப்ரேயு என்பவர் பிள்ளைகளுக்காக ஓர் இசைக்குழு தொடங்கினார். 'எல் சிஸ்தேமா' என்று பெயர். முதல் ஒத்திகைக்கு வந்தவர்கள் 11 பேர். பின்னாளில் லட்சக்கணக்கான பிள்ளைகள் அதில் கற்றார்கள். அங்கே 'நன்றாகக் கற்ற பிறகு குழுவில் சேரலாம்' என்று சொல்வதில்லை. தொடக்கத்திலேயே குழுவில் உட்கார வைத்துவிடுவார்கள். தெரிந்தவன் பக்கத்துப் பிள்ளைக்குச் சொல்லித் தருவான். உங்களிடம் இருப்பவர்கள் 9 பேர். 11-க்கும் 9-க்கும் பெரிய தூரமில்லை.

அவ்வளவு தொலைவு போவானேன்? சிறுபாணாற்றுப்படையில் யாழ் வாசிக்கிற பாணனுக்கு நல்லியக்கோடனின் ஓய்மா நாட்டுக்கு வழி சொல்லப்படுகிறது. வழியில் வரும் எயிற்பட்டினம் நம் மரக்காணம்தான் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. வறுமையில் வாடிய பாணன், கேட்க ஆள் இருந்த இடத்தைத் தேடித்தான் நடந்தான். பிள்ளைகளும் அப்படித்தான்.

ஆகவே பொங்கலோடு மூட வேண்டாம். காணும் பொங்கல் அன்று மாலை தெருவில் பாட வையுங்கள். இன்றே தேதியைச் சொல்லிவிடுங்கள். இருபது நிமிடம் போதும். இரண்டு பாட்டு, ஒரு மிருதங்கத் தனி. எல்லோரும் சேர்ந்து. விட்டுப்போன 22 பேர் வீட்டுக்கும் நேரில் போய் "உனக்கு ஓர் இடம் வைத்திருக்கிறோம்" என்று கூப்பிடுங்கள். பாட வராதவன் தாளம் போடட்டும்.

"அரைகுறையாக மேடை ஏற்றினால் தரம் கெட்டுவிடும்" என்று ஆசிரியர் சொல்வார். நியாயமான பயம்தான். அதனால்தான் இரண்டே பாட்டு என்கிறேன். ஊர் முன்னால் சுருதி விலகக் கூடாது என்ற கவலை வந்துவிட்டால், சரளி வரிசை எதற்கு என்று பிள்ளைக்குத் தானே புரியும்.

"சினிமாப் பாட்டுதான் கேட்கிறார்கள்" என்பது அடுத்த புகார். கேட்கட்டுமே! நீங்கள் சரளி வரிசை சொல்லித் தருகிற மாயாமாளவகௌளை ராகத்திலேயே இளையராஜா பாட்டுப் போட்டிருக்கிறார். 'எங்க ஊரு பாட்டுக்காரன்' படத்தில் ஒன்று இருக்கிறது. இதே ஸ ரி க ம தான் அது என்று ஒருநாள் பாடிக் காட்டுங்கள். செல்போனையும் திட்ட வேண்டாம். தம்புரா சுருதி அதிலேயே கிடைக்கிறது. வீட்டில் சுருதிப் பெட்டி வாங்க முடியாத பிள்ளைக்கு அது பெரிய உதவி.

பரிசு கொடுத்தால் ஆர்வம் வரும் என்று சிலர் சொல்கிறார்கள். அரசுப் பள்ளிகளில் 2022 முதல் நடக்கிற கலைத் திருவிழா மிக நல்ல ஏற்பாடு. என் வாழ்த்துகள். ஆனால் போட்டி என்றால் ஒருவர் மேலே போவார், மற்றவர்கள் வீட்டுக்கு வருவார்கள். வகுப்பை நடத்தப் போட்டியை நம்பக் கூடாது. முப்பது பேரும் வென்று திரும்புகிற ஒரு நாள் வேண்டும். அது சொந்தத் தெருவில்தான் நடக்கும்.

நன்றாக வருகிற பிள்ளைக்கு அடுத்த படியும் இருக்கிறது என்று சொல்லுங்கள். விழுப்புரத்தில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. 12 முதல் 25 வயது வரை சேரலாம், மூன்று ஆண்டுப் படிப்பு, கட்டணம் சொற்பம், உதவித்தொகையும் உண்டு. நாதசுரம், தவில், தேவாரம் ஆகியவற்றுக்கு எழுதப் படிக்கத் தெரிந்தாலே போதும். இது நம் ஊரில் எத்தனை பெற்றோருக்குத் தெரியும்? திண்டிவனத்தில் பஸ் மாறிப் போகிற தூரம் என்பதால் சின்னப் பிள்ளைகளால் தினமும் போக முடியாது. அதனால்தான் உள்ளூர் வகுப்பு சாகக் கூடாது என்கிறேன். இங்கே விதை போடாமல் அங்கே எது முளைக்கும்?

கடைசியாக, மழை மாதங்களில் கட்டணம் வேண்டாம் என்றால் ஆசிரியருக்கு யார் கொடுப்பது? நியாயமான கேள்வி. அவரும் குடும்பஸ்தர். தை பிறக்கும் வரை அவருடைய பஸ் செலவு என் பென்ஷனிலிருந்து. சம்பளத்தில் பாதியை என்னிடம் படித்து இன்று சென்னையிலும் வெளிநாட்டிலும் இருக்கிற பிள்ளைகள் பகிர்ந்துகொள்ளலாம். மீதியை உப்பள உரிமையாளர்களிடம் நானே போய்க் கேட்கிறேன். வீட்டில் சும்மா கிடக்கிற மிருதங்கம், சுருதிப் பெட்டி இருந்தால் சொல்லுங்கள், வந்து வாங்கிக்கொள்கிறோம்.

தம்பிகளே, திங்கட்கிழமை மாலை நான் வகுப்புக்கு வருகிறேன். 22 வீட்டுக்கும் சேர்ந்தே போவோம்.