அண்ணனிடம் கேட்காதீர்கள், என்னிடம் கேளுங்கள்

டாக்டருக்கு எதிரே உட்கார்ந்திருப்பவன் நான். அவர் என் அண்ணனைப் பார்த்துக் கேட்கிறார்: "பய ராத்திரி தூங்குதானா?" ஐயா, தூங்காதவன் நான்தானே? மாத்திரை போட்டுக் கை நடுங்கி, காபி டம்ளரைப் பிடிக்க முடியாமல் மேலெல்லாம் சிந்திக்கொள்வதும் நான்தானே? என்னிடம் கேட்டால் என்ன குறைந்துவிடும்?

எனக்கு மனநோய் உண்டு. வாயும் உண்டு.

குற்றால அருவி தலையில் விழுந்தால் புத்தி தெளியும் என்று எங்கள் பக்கம் வெகுகாலமாக ஒரு நம்பிக்கை. ஊரே சாரலில் குதூகலமாகக் குளித்துக்கொண்டிருக்க, என் பிடரியைப் பிடித்து அந்தத் தண்ணீருக்குள் அமுக்கினார்கள். மூச்சு முட்டிக் கத்தினேன். கத்தினால்தான் தெளியுமாம். தங்க வைத்த இடத்தில் ராத்திரி காலில் சங்கிலி. ஒன்றுக்குப் போகக்கூட யாராவது மனமிரங்க வேண்டும்.

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் 28 பேர் தீயில் கருகிச் செத்தார்கள். சங்கிலியில் கிடந்தவர்களால் எழுந்து ஓட முடியவில்லை. அதற்கு முன் ஒரு நாளாவது அவர்களை உட்கார வைத்து, "உனக்கு என்ன வேண்டும்?" என்று எந்த அதிகாரியாவது கேட்டாரா?

2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடை செய்தது. மாநில மனநல ஆணையத்தில் எங்கள் சார்பில் ஆட்கள் இருக்க வேண்டும் என்றது. எங்கள் முறையீடுகளை விசாரிக்கும் மனநலச் சீராய்வு வாரியத்திலும் இரண்டு இடம். ஆனால் அந்த இரண்டையும் பராமரிப்பாளர், தொண்டு நிறுவனத்தார் என்று நிரப்பிவிடலாம். எங்களில் ஒருவர்கூட இல்லாமலே வாரியம் கூடலாம். இது என்ன நியாயம்? என் அண்ணன் என்மேல் உயிரையே வைத்திருக்கிறான். ஆனாலும் என் காலில் கிடந்த சங்கிலியின் கனம் அவனுக்குத் தெரியுமா?

தென்காசிக்குப் பக்கத்தில் ஆய்க்குடிக்குப் போய்ப் பாருங்கள். 1975இல் கடற்படைத் தேர்வில் அடிபட்டு, கழுத்துக்குக் கீழே செயலிழந்த ராமகிருஷ்ணன், 1981இல் மாற்றுத்திறனாளிகளுக்காக அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். சக்கர நாற்காலியில் இருந்தவரே முடிவெடுத்தார். எத்தனையோ பிள்ளைகள் வாழ்வு பெற்றார்கள். உடல் முடங்கியவரால் முடிந்தது, மனநோய் வந்தவனால் மட்டும் ஆகாதா?

2019இல் எங்கள் தென்காசி தனி மாவட்டமானது. ஆட்சியர் நடத்தும் கூட்டத்தில், ஆஸ்பத்திரி நோயாளர் நலச் சங்கத்தில் எங்களுக்கும் ஒரு நாற்காலி போடுங்கள். ஸ்டாக் இல்லை என்று மாத்திரை தராமல் அனுப்பினால் வீட்டில் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். எந்த மாத்திரைக்கு நாக்கு வறண்டு பேச்சு குழறும் என்று சொல்கிறேன். அந்தக் கூட்டத்திலும் என் பேச்சு குழறும். பொறுத்திருந்து கேளுங்கள். கேட்டதை மினிட்டில் என் பேரிலேயே எழுதுங்கள்.