பாலைக்கு நிலம் இல்லை

அமெரிக்காவில் வாழும் நண்பர் ஒருவர் சென்ற ஆண்டு தாம் மேற்கொண்ட பாலைவனச் சாலைப் பயணத்தின் புகைப்படங்களை நாள்தோறும் அனுப்பிக்கொண்டிருந்தார். டெக்சாஸின் அமரில்லோ நகருக்கு அருகே 1974ஆம் ஆண்டில் தலைகுப்புற மண்ணில் புதைத்து நிறுத்தப்பட்ட பத்துக் காடிலாக் கார்கள்; லெனார்ட் நைட் என்ற தனிமனிதர் கலிபோர்னியாவின் வறண்ட வெளியில் களிமண்ணும் வைக்கோலும் வண்ணப்பூச்சும் கொண்டு பல்லாண்டுகள் உழைத்து எழுப்பிய குன்று; யாரும் இறங்காத ஊர்களின் பெட்ரோல் நிலையங்கள். கடைசிப் படத்துடன் ஒரு வினாவும் வந்தது: "உங்கள் உளுந்தூர்பேட்டைப் பக்கம் இப்படிப் பார்க்க என்ன இருக்கிறது?"

கேலி அன்று. அவர் மதுரைக்காரர். சென்னையில் படித்த காலத்தில் நள்ளிரவுப் பேருந்து தேநீருக்காக நின்ற ஒரு வெளிச்சமாகவே எங்கள் ஊர் அவர் நினைவில் தங்கியிருக்கிறது. தெற்கே செல்லும் சாலையிலிருந்து சேலம் சாலை பிரியும் இடம், சுங்கச்சாவடி, அவ்வளவே. மிளகு மூட்டைகளை உளுந்து என்று பொய் சொன்ன வணிகனின் மிளகெல்லாம் உளுந்தாகவே ஆகிப்போனதாகத் தலபுராணம் கூறும் கோயில் இங்கிருப்பதையோ, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமைக்கப்பட்டுக் கைவிடப்பட்ட விமான ஓடுதளம் ஒன்று வெயிலில் கிடப்பதையோ அவர் அறியார். நான்குவழிச் சாலை வந்தபின் உள்ளூர்க்காரர்களே மறந்துவருகிறார்கள்.

ஆனால் அவர் வினா என்னைத் தைத்தது வேறொரு காரணத்தால். வகுப்பில் 'பாலை' என்று சொன்னவுடன் மாணவர் மனத்தில் ஒட்டகமும் ஈச்ச மரமும் வந்து நின்றுவிடுகின்றன. குற்றம் அவர்களுடையதன்று. பாலை என்றால் பாலைவனம் என்று சொல்லிக் கடந்துபோகும் சுருக்குவழியை நானும் பல ஆண்டுகள் கையாண்டிருக்கிறேன். தொல்காப்பியர் பாலைக்கு நிலம் வகுக்கவில்லை. நண்பகலையும் வேனிலையும் பின்பனியையும் கொடுத்தார், இடம் கொடுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் இயல்பு திரிந்து கொள்ளும் வடிவமே பாலை என்பது இளங்கோவடிகளின் விளக்கம். பாலை ஓர் ஊர் அன்று, நிலை. ஆயினும் நிலமற்ற அந்தத் திணைக்கே அகநானூற்றின் நானூறு பாடல்களில் இருநூறு ஒதுக்கப்பட்டிருக்கின்றன. ஒற்றைப்படை எண்ணுள்ள பாடல்கள் யாவும் பாலை. அந்நூலைப் புரட்டுபவன் ஒன்றுவிட்டு ஒரு பாடலுக்கு வெயிலில் இறங்கியாக வேண்டும்.

இளங்கோ அந்த விளக்கத்தை வைத்த இடமும் கவனிக்கத்தக்கது. காடுகாண் காதையில், உறையூரைக் கடந்து மதுரை நோக்கிச் செல்வோருக்கு எதிர்ப்பட்ட மாங்காட்டு மறையோன் வழி சொல்கிறான். மூன்று கிளைவழிகளைப் பிரித்து, எதில் என்ன காணலாம் என்று விரிக்கிறான். இடப்பக்க வழியில் மூன்று பொய்கைகள்: ஒன்றில் மூழ்கினால் ஐந்திர நூலறிவு, ஒன்றில் பழம்பிறப்பு உணர்வு, ஒன்றில் நினைத்தது கைகூடுதல். இன்றைய சுற்றுலாக் கையேடு இதைவிட அதிகமாக எதை வாக்களிக்கும்? கவுந்தியடிகள் அப்பட்டியலை முழுதும் கேட்டுவிட்டு, அவற்றில் ஒன்றும் தமக்கு வேண்டுவதில்லை என்று மறுத்துவிடுகிறார். தமிழின் சாலைப் பயண இலக்கியம் அங்கே தொடங்குகிறது என்று சொன்னால் மிகையாகாது. வழியோர அதிசயங்களுக்காக அல்லாமல் வேறு வழியின்றி நடப்பவர்களின் பயணம் அது.

பங்குனி மாதத்து வெயிலில் ஒருநாள், இறுதியாண்டு மாணவர் சிலரோடு வாடகை வேனில் தெற்கே புறப்பட்டேன். தொழுதூரில் வெள்ளாறு மணலாகக் கிடந்தது. பெரம்பலூருக்கு முன்பே சாலையிலிருந்து தெரிவது ரஞ்சன்குடிக் கோட்டை. 1751இல் ஆங்கிலேயர் துணையுடன் முகமது அலியும் பிரெஞ்சுக்காரர் துணையுடன் சந்தா சாகிபும் மோதிய வாலிகண்டபுரப் போரின் களம். நூறு கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் காரிலிருந்து அது ஒரு கற்குவியல். சிறுவாச்சூரில் மதுரகாளியம்மன் திங்களும் வெள்ளியும் மட்டுமே காட்சி தருவாள். ஏனைய நாள்களில் பெரியசாமி மலையில் இருப்பதாக நம்பிக்கை. மதுரையை எரித்துவிட்டு வந்த கண்ணகியே இவள் என்பாரும் உண்டு. நாங்கள் சென்றது புதன்கிழமை. பூட்டிய கதவைத் தொழுதுவிட்டுக் கிளம்பினோம்.

சாத்தனூரில் கல்லாகிப்போன மரம் ஒன்று படுத்திருக்கிறது. பதினெட்டு மீட்டருக்கும் மேற்பட்ட நீளம். வயது ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகள் என்கிறார்கள். 1940இல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் இதைக் கண்டறிந்தார். அங்கிருந்து பாடாலூர்ப் பக்கமுள்ள காரைக்குப் போனால் கண் கூசுகிறது. மஞ்சளும் சாம்பலும் கலந்த களிமண் மேடுகள், அவற்றை அறுத்து ஓடிய ஆயிரம் ஓடைத் தடங்கள், ஜிப்சத் தகடுகளின் மினுக்கம். புல்லும் அரிது. திரைப்படக் கண்ணுக்கு இது பாலைவனமேதான். உண்மையில் ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியாக இருந்த சேறு. இதைச் செதுக்கியது வறட்சியன்று, மழை. துப்பாக்கிக் குண்டு போன்ற பெலம்னைட்டுகளும் சுருள் சுருளான அம்மோனைட்டுகளும் காலடியில் கிடைக்கும். எச்.எஃப். பிளான்ஃபோர்டு 1862இல் இப்பகுதியின் பாறைகளை எழுதிவைத்தார். ஊட்டத்தூர் என்ற சிற்றூரின் பெயர் அதனால் உலகப் புவியியல் நூல்களில் ஏறிற்று. இதே கடலின் சுண்ணாம்புக்கல்தான் டால்மியாபுரத்தில் சிமெண்ட் ஆகிறது. 1953இல் கல்லக்குடி என்ற பெயருக்காக மறியல் நடந்ததே, அந்த ஊர்தான். நம் வீட்டுச் சுவர்களில் இருப்பதும் அந்தக் கடலே.

நான் வெற்றிப் பெருமிதத்துடன் திரும்பி, "பாருங்கள், பாலை!" என்றேன். கல்வராயன் மலையிலிருந்து வந்து படிக்கும் மாணவன் ஒருவன் சற்றுத் தயங்கிக் கேட்டான்: "ஐயா, இது எப்படிப் பாலை? இங்கேர்ந்து யாரும் யாரையும் விட்டுட்டுப் போகலையே."

என்னிடம் விடை இல்லை. ஒட்டகத்தை விரட்டிவிட்டு அந்த இடத்தில் காரையை நிறுத்திவைத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. நிலம் இல்லை என்று வகுப்பில் சொன்னவனே நிலத்தைக் காட்டப் புறப்பட்டிருக்கிறேன்! பாலையின் உரிப்பொருள் பிரிவு. பொருள் தேடிப் போகிறவனும், போக வேண்டாம் என்று சொல்ல முடியாதவளும் இல்லாமல் எத்தனை வெயில் காய்ந்தாலும் பாலை ஆகாது. அவன் தந்தை ஆண்டுதோறும் மிளகு பறிக்கக் கேரளத்துக்குப் போகிறவர். 2015 ஏப்ரலில் சேஷாசல வனத்தில் ஆந்திரக் காவல்துறையால் சுட்டுக்கொல்லப்பட்ட இருபது தமிழர்களும் பெரும்பாலும் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்ட மலைக்கிராமங்களிலிருந்து கூலிக்காகப் போனவர்கள். பொருள்வயிற் பிரிவுக்கு இதற்கு மேல் உரை எழுத வேண்டியதில்லை.

இதனால் காரையைப் பார்க்க வேண்டாம் என்றாகாது. பார்க்க வேண்டும், அதுவும் விரைவில். வருகிறவர்கள் ஒவ்வொருவரும் ஒன்றிரண்டு புதைபடிவங்களைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு போகிறார்கள். என் மேசைமீதே ஓர் அம்மோனைட் காகிதம் பறக்காமல் காத்துக்கொண்டிருந்தது. முதல் முறை சென்றபோது எடுத்து வந்தது. மறுமுறை சென்றபோது கொண்டுபோய்ப் போட்டேன், அது கிடந்த இடம் எதுவென்று தெரியாமலேயே. காரையையும் சாத்தனூரையும் இன்னும் தரிசு என்ற ஒரே சொல்லால் கடந்துபோகிறோம். வருவாய்த் துறையின் சொல் நம் கண்ணையும் பிடித்துக்கொண்டுவிட்டது. பார்வையாளரைக் கவர நாம் காரைத் தலைகுப்புற நட வேண்டியதில்லை. இருப்பதன் பெயரைத் தெரிந்துகொண்டு வேகத்தைக் குறைத்தால் போதும். எனினும் இவ்விடங்களைப் பாலைக்கு உதாரணமாக நான் இனிக் காட்டப்போவதில்லை. அந்தப் பாடத்துக்கு வேன் தேவையில்லை.

நாங்கள் உளுந்தூர்பேட்டைக்குத் திரும்பியபோது இரவு பதினொரு மணி. சந்திப்பில் பைகளோடும் அரிசிச் சாக்குகளோடும் சென்னைப் பேருந்துக்காகச் சிலர் நின்றிருந்தார்கள். ஒரு பெண் மட்டும் பை இல்லாமல் நின்றாள். வழியனுப்ப வந்தவள் போலும். கள்ளக்குறிச்சிப் பேருந்துக்கு ஓடிய அந்த மாணவன் ஒரு கணம் நின்று அவளைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு ஏறிக்கொண்டான்.