பில் எங்கே? மருந்தாளுநர் எங்கே? மருந்துக்கடையில் நாம் கேட்க மறந்த இரண்டு கேள்விகள்

2025 செப்டம்பர் 17 அன்று உலக நோயாளிப் பாதுகாப்பு நாள் கடைப்பிடிக்கப்பட்டது. பிறந்த குழந்தை முதல் எல்லாக் குழந்தைகளுக்கும் பாதுகாப்பான சிகிச்சை என்பதே அந்த ஆண்டுக்கு உலக சுகாதார நிறுவனம் அறிவித்த கருப்பொருள். அதே மாதத்தில் மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாரா மாவட்டத்தில், சளி இருமலுக்காகக் கொடுக்கப்பட்ட சிரப்பைக் குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து ஒவ்வொருவராக இறந்து கொண்டிருந்தார்கள். இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகளை அந்த மருந்து பலி வாங்கியது. பெரும்பாலோர் ஐந்து வயதைக் கூட எட்டாதவர்கள்.

அந்த 'கோல்ட்ரிஃப்' சிரப் வெளிமாநிலத்தில் தயாரானதல்ல. நம் காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் இயங்கி வந்த ஸ்ரீசன் நிறுவனத்தின் தயாரிப்பு. மத்தியப் பிரதேச அரசிடமிருந்து கடிதம் வந்ததும், அக்டோபர் 1 அன்று தமிழக அரசு அதன் விற்பனைக்குத் தடை விதித்தது. எஸ்ஆர்-13 என்ற பேட்ச் எண் கொண்ட மாதிரியைச் சோதித்தபோது, அதில் 48.6 சதவீதம் 'டை எத்திலீன் கிளைகால்' என்ற நச்சு இருந்தது. அது 0.1 சதவீதத்தைத் தாண்டவே கூடாது. கிட்டத்தட்ட பாதி பாட்டில் விஷம் என்றுதான் சொல்ல வேண்டும். நிறுவன உரிமையாளர் கைது செய்யப்பட்டார். மருந்தைப் பரிந்துரைத்த மருத்துவரும் கைதானார். அக்டோபர் 13 அன்று நிறுவனத்தின் உரிமம் ரத்தானது. ஆலையை முறையாக ஆய்வு செய்யவில்லை என்று இரண்டு முதுநிலை மருந்து ஆய்வாளர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள்.

செய்தி சில வாரங்கள் ஓடியது. பிறகு நாமும் மறந்துவிட்டோம். முதுநகர் கடைத்தெருவிலும் சிதம்பரம் கடைவீதியிலும் பழைய காட்சியே தொடர்கிறது. "பிள்ளைக்கு இருமல், போன தடவை கொடுத்தீங்களே, அந்தச் சிவப்பு டானிக் கொடுங்க பாய்" என்கிறோம். அவர் எடுத்துத் தருகிறார். பில்லும் இல்லை, கேள்வியும் இல்லை. இந்தப் பழக்கத்தைப் பற்றித்தான் நாம் பேச வேண்டியிருக்கிறது.

நஞ்சு எப்படி உள்ளே வந்தது?

இருமல் சிரப்பில் மருந்துத் தூள் கரைவதற்கு ஒரு திரவம் தேவை. அதற்காகச் சேர்க்கப்படுவதுதான் புரொப்பிலீன் கிளைகால் அல்லது கிளிசரின். மருந்துக்கென்றே சுத்திகரிக்கப்பட்ட தரம் ஒன்று. பெயிண்ட், மை போன்றவற்றுக்கான தொழிற்சாலைத் தரம் இன்னொன்று. இரண்டாவது விலை குறைவு. ஆனால் அதில் டை எத்திலீன் கிளைகால் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. முதுநகரை ஒட்டி சிப்காட் தொழிற்பேட்டை இருப்பதால், தொழிற்சாலை ரசாயனம் என்றால் என்ன என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஸ்ரீசன் ஆலையில் புரொப்பிலீன் கிளைகால் வாங்கியதற்கு முறையான ரசீதே கிடைக்கவில்லை என்று ஆய்வு அறிக்கையை மேற்கோள் காட்டிச் செய்திகள் வெளியாயின. மருந்து தயாரிக்கும் இடத்திலேயே பில் இல்லை. யாரிடம் வாங்கினார்கள், எந்தத் தரம், யார் சோதித்தார்கள் என்ற கேள்விகளுக்கெல்லாம் அங்கேயே கதவு அடைபட்டுவிட்டது.

இது முதல் முறையும் அல்ல. 1937-இல் அமெரிக்காவில் இதே நச்சு கலந்த மருந்து நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அதன் பிறகுதான் 1938-இல் அந்நாடு மருந்துச் சட்டத்தைக் கடுமையாக்கியது. 1972-இல் நம் சென்னையிலேயே குழந்தைகள் இதனால் இறந்தார்கள். 2019 இறுதியில் ஜம்முவின் உதம்பூர் மாவட்டத்தில் இதே துயரம் நடந்தது. 2022-இல் ஆப்பிரிக்காவின் காம்பியாவில் சுமார் எழுபது குழந்தைகள் இறந்தபோதும், அதே ஆண்டில் உஸ்பெகிஸ்தானில் குழந்தைகள் இறந்தபோதும், இந்தியாவில் தயாரான சிரப்புகளைக் குறிப்பிட்டு உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கை விடுத்தது. பாடம் பலமுறை நடத்தப்பட்டுவிட்டது. படித்தவர்கள்தான் குறைவு.

கடைக்காரர் என்ன செய்ய முடியும்?

நியாயமான கேள்வி. இந்த நச்சு இனிப்பானது. நிறமோ மணமோ காட்டிக் கொடுக்காது. எந்த மருந்தாளுநரும் பாட்டிலைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அது அரசு ஆய்வகமும் மருந்து ஆய்வாளரும் செய்ய வேண்டிய வேலை. ஆனால் மருந்தாளுநரால் மட்டுமே செய்ய முடிந்த வேலைகளும் உண்டு.

முதலாவது, தேவையில்லாத மருந்தைத் தடுப்பது. கோல்ட்ரிஃப் என்பது பாராசிட்டமால், குளோர்பெனிரமின், ஃபீனைலெஃப்ரின் மூன்றும் சேர்ந்த கலவை. குளோர்பெனிரமினும் ஃபீனைலெஃப்ரினும் சேர்ந்த கலவையை நான்கு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரிலேயே அறிவுறுத்தியிருந்தது. இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்துகளைப் பரிந்துரைக்கவே வேண்டாம், ஐந்து வயது வரை பொதுவாகத் தேவையில்லை என்று 2025 அக்டோபர் 3 அன்று மத்திய சுகாதாரத் துறையும் சொன்னது. படித்த மருந்தாளுநர் ஒருவர் கடையில் நின்று, "பிள்ளைக்கு என்ன வயசும்மா?" என்று கேட்டாலே பாதி ஆபத்து விலகிவிடும்.

இரண்டாவது, கெட்ட மருந்தைத் திரும்பப் பெறுவது. அரசு ஒரு பேட்ச்சைத் தடை செய்கிறது என்று வையுங்கள். கடையில் மிச்சமிருப்பதை அதிகாரிகள் எடுத்துவிடுவார்கள். நேற்று விற்ற பாட்டில் பரங்கிப்பேட்டையில் யார் வீட்டு அலமாரியில் இருக்கிறது, லால்பேட்டையில் யார் பிள்ளை இன்று இரவு அதைக் குடிக்கப் போகிறது என்பது யாருக்குத் தெரியும்? பேட்ச் எண்ணோடு பில் போட்டிருந்தால் தெரியும். இல்லாவிட்டால், தடை உத்தரவு நம் வீட்டு வாசலுக்கு வந்து சேரவே சேராது. "பில் எதுக்கு பாய்" என்று நாம் பெருந்தன்மையாகச் சொல்வது, உண்மையில் நம் பிள்ளைக்கான எச்சரிக்கையை நாமே வேண்டாம் என்று சொல்வதற்குச் சமம்.

மருந்தை அட்டையிலிருந்து வெட்டிக் கொடுப்பதும் இப்படித்தான். இரண்டு மாத்திரை போதும் என்று வெட்டி வாங்கும்போது, காலாவதித் தேதியும் பேட்ச் எண்ணும் உள்ள பக்கம் பெரும்பாலும் கடையிலேயே நின்றுவிடுகிறது. அதிகம் விற்கும் 300 மருந்துப் பெயர்களுக்கு மேலுறையில் கியூஆர் குறியீடு 2023 ஆகஸ்ட் முதல் கட்டாயம். உறையைப் பார்க்காமலேயே மருந்தை வாங்குபவருக்கு அந்தக் குறியீட்டால் என்ன பயன்?

சுவரில் சான்றிதழ், கல்லாவில் யாரோ

1948-ஆம் ஆண்டின் மருந்தியல் சட்டப்படி, மருத்துவர் எழுதிய மருந்தைப் பதிவு பெற்ற மருந்தாளுநர்தான் வழங்க வேண்டும். சில்லறை விற்பனைக்கு ரசீது தர வேண்டும் என்பது 1945-ஆம் ஆண்டின் மருந்து விதிகளிலேயே இருக்கிறது. ஆன்டிபயாடிக் போன்ற 'எச்1' பட்டியல் மருந்துகளை விற்றால் நோயாளி, மருத்துவர் பெயரைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். சட்டத்தில் குறையில்லை.

நடைமுறை வேறு. சுவரில் ஒருவருடைய சான்றிதழ் தொங்கும். கல்லாவில் வேறொருவர் நிற்பார். சான்றிதழுக்குரியவர் வேறு வேலையில் இருப்பார். மாதாமாதம் சான்றிதழுக்கு வாடகை மட்டும் வந்துவிடும். மாநிலம் முழுக்க எல்லோருக்கும் தெரிந்த ரகசியம் இது. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் துறை இருக்கிறது. நம் பிள்ளைகளும் டி.பார்ம், பி.பார்ம் படித்து வெளியே வருகிறார்கள். வந்தவர்களுக்குக் கடையில் கிடைப்பது விற்பனைப் பையனுக்குரிய சம்பளமும், "சீட்டு இல்லேன்னாலும் கொடுத்துடு" என்ற முதலாளியின் கட்டளையும். மனம் வெறுத்தவர் சான்றிதழை வாடகைக்கு விட்டுவிட்டு வேறு வேலை தேடிப் போகிறார்.

அவரை மட்டும் குறை சொல்வதில் நியாயமில்லை. சீட்டில்லாமல் தர மறுக்கும் மருந்தாளுநரிடம் கோபித்துக்கொண்டு, கேட்டதைத் தரும் அடுத்த கடைக்குப் போவது நாம்தான். போதைக்காக வலி மாத்திரை கேட்டு வரும் இளைஞர்களை மறுத்தால் மிரட்டலையும் சந்திக்கிறார் அவர். சட்டப்படி நடப்பவருக்கு நஷ்டம், வளைந்து கொடுப்பவருக்கு வியாபாரம் என்ற நிலையை வாடிக்கையாளர்களாகிய நாமும் சேர்ந்தே உருவாக்கியிருக்கிறோம். நோயாளியின் உயிர் தொடர்பான சான்றிதழ் ஓர் அமானிதம் என்பதை அதை வைத்திருப்பவரும், கடை நடத்தும் நம் சகோதரர்களும் உணர வேண்டும். அதற்கேற்ற சம்பளமும் மரியாதையும் அவருக்குக் கிடைக்க வேண்டும்.

ரமளானும் வளைகுடாவும்

நம் குடும்பங்களுக்கு மருந்தாளுநர் தேவைப்படும் இடங்கள் இன்னும் இரண்டு உண்டு. ரமளான் வந்தால் சர்க்கரை நோயாளிகள் பலர் காலை மாத்திரையை ஸஹருக்கும் இரவு மாத்திரையை இஃப்தாருக்கும் தாங்களாகவே மாற்றிக்கொள்கிறார்கள். கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளும் இன்சுலினும் பகலில் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடக் கூடும். நோன்புக்குச் சில வாரங்கள் முன்பே மருத்துவரைக் கண்டு அளவை மாற்றிக்கொள்ள வேண்டும். இதை ஞாபகப்படுத்த வேண்டியவர் மாதந்தோறும் மாத்திரை தரும் மருந்தாளுநர்.

அடுத்தது, ஊரிலிருந்து வளைகுடாவுக்குக் கொடுத்தனுப்பும் மாத்திரைப் பொட்டலம். டிரமடால், கோடீன், பிரிகாபலின் போன்றவை அமீரகத்திலும் சவூதியிலும் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். மருத்துவரின் சீட்டும், உரிய அனுமதியும் இல்லாமல் கொண்டு போனால் விமான நிலையத்திலேயே வழக்காகிவிடும். அட்டையை வெட்டிக் காகிதத்தில் மடித்த மாத்திரையை, பில்லும் சீட்டும் இல்லாமல் அடுத்தவர் பெட்டியில் வைத்து அனுப்புவது உதவி அல்ல, ஆபத்து.

இனி நாம் செய்ய வேண்டியவை

சிரப் வாங்கும்போது அதில் ஆல்கஹால் இருக்கிறதா என்று நம்மில் பலர் கேட்கிறோம். நல்ல பேணுதல். அதே பேணுதலோடு இன்னும் இரண்டு கேள்விகளையும் சேர்த்துக்கொள்வோம்: "மருந்தாளுநர் யாருங்க?" "பேட்ச் எண்ணோடு பில் போட்டுத் தர்றீங்களா?" அந்த பில்லை மருந்து தீரும் வரையாவது பத்திரமாக வைப்போம்.

சிரப் கொடுத்த பிறகு குழந்தைக்கு வாந்தி, வயிற்றுவலி, சிறுநீர் குறைவது போன்றவை தெரிந்தால் தாமதிக்காமல், பாட்டிலையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கடலூரில் அரசு தலைமை மருத்துவமனையும், சிதம்பரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கின்றன. மருந்தின் பாதிப்பைப் பொதுமக்களும் 1800-180-3024 என்ற தேசிய இலவச எண்ணில் பதிவு செய்யலாம். ஆலோசனைக்கு மாநில அரசின் 104 எண் உண்டு.

அரசுக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், வந்து சேரும் ஒவ்வொரு பேட்ச்சையும் சோதித்த பிறகே நோயாளிக்கு அனுப்புகிறது. நாடே பாராட்டும் முறை இது. தனியார் கடைக்குப் போகும் குழந்தை மருந்துகளுக்கும் அந்தக் கண்டிப்பு வேண்டும். ஆய்வாளர்கள் ஆலைக்குள் போக வேண்டும்; குழந்தைகள் இறந்த பிறகு அல்ல, அதற்கு முன்பே.

ஜமாஅத்கள் நினைத்தால் ஊர் அளவில் இன்றே தொடங்கலாம். ஜும்ஆவுக்குப் பின் ஐந்து நிமிட அறிவிப்பு, பெண்கள் பயானில் ஒரு மருந்தாளுநரின் அரை மணி நேர விளக்கம், ஊரில் மருந்தாளுநர் நேரடியாக இருந்து நடத்தும் கடைகள் எவை என்ற ஒரு பட்டியல். இவற்றுக்குப் பெரிய செலவு இல்லை.

சிந்துவாராவின் தாய்மார்களும் பிள்ளைக்கு இருமல் நிற்க வேண்டும் என்றுதான் அந்த மருந்தைக் கரண்டியில் ஊற்றிக் கொடுத்தார்கள். நம் வீட்டுக் கரண்டியில் ஊற்றுவதற்கு முன் ஒரு நிமிடம் நின்று அந்த லேபிளைப் படிப்போம்.