போர்வையில் தூக்கி இறக்கிய குரங்கணி... கயிறு பயிற்சி எப்போது?

ஓடைப்பட்டி:

மலையில் ஆள் சிக்கினாலும் சரி, திராட்சை தோட்டத்து கிணற்றில் விழுந்தாலும் சரி, தேனி மாவட்டத்தில் முதலில் ஓடி வருவது பக்கத்தில் இருக்கிற ஜனங்கள்தான். ஆனா அவங்க கையில் முறையான கயிறு இருக்கா?

2018 மார்ச் 11-ந்தேதி போடி அருகே குரங்கணி காட்டுத்தீயில் மலையேற்றம் வந்தவர்கள் சிக்கினார்கள். சாவு எண்ணிக்கை 23-ஐ தொட்டது. ஹெலிகாப்டர் வருவதற்கு முன்பே சரிவில் ஏறியவர்கள் ஊர்க்காரர்கள். காயம்பட்டவர்களை போர்வையில் கட்டி தோளில் சுமந்து இறக்கினார்கள். 2022 டிசம்பரில் குமுளி மலைப்பாதையில் வேன் பள்ளத்தில் பாய்ந்து ஆண்டிபட்டி பகுதி அய்யப்ப பக்தர்கள் 8 பேர் பலியானார்கள். அதுவும் ராத்திரி நேரம்.

மராட்டியத்தில் நிலைமை வேறு. 2018 ஜூலையில் அம்பெனளி மலைப்பாதையில் பஸ் கவிழ்ந்து 30-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, மகாபலேஸ்வரம் பக்கத்து மலையேற்றக்குழு இளைஞர்கள் கயிறு கட்டி பள்ளத்தில் இறங்கினார்கள். சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். ஆனா வருஷக்கணக்கா பழகினவங்க.

இதில் வீரத்தை விட முறைதான் பெரிசு. இறங்குபவருக்கு 2 கயிறு, ஒவ்வொன்றும் தனித்தனி பிடிமானத்தில். இடுப்பில் வெறும் சுருக்கு போட்டால் தொங்கும்போது மூச்சு இறுகும். தொடையையும் தாங்குகிற பெல்ட் வேணும். பாறை விளிம்பில் உரசாமல் கயிற்றுக்கு அடியில் சாக்காவது போடணும். உத்தரவு ஒரே ஆள் குரலில் வரணும். கப்பிகளை மாட்டுகிற விதத்தில் 60 கிலோ ஆளை ஏறக்குறைய 20 கிலோ இழுப்பில் தூக்கலாம். உரசலுக்கு கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். கமலை இறைத்த ஊருக்கு இது புரியாத கணக்கா?

மத்திய அரசின் ஆப்தா மித்ரா திட்டம் 350 மாவட்டங்களில் 1 லட்சம் தன்னார்வலர்களுக்கு பயிற்சி தர கொண்டு வரப்பட்டது. பயிற்சி 12 நாள். ஆரம்பத்துக்கு சரி. பள்ளத்தில் ஆள் இறக்க அது பத்தாது, மாசாமாசம் பழகணும். மலையடிவார ஊருக்கு பத்து பேர், ரெண்டு செட் கயிறு, தீயணைப்பு வீரர் ஒருவர் மேற்பார்வை. இதுக்கு பெரிய பட்ஜெட் தேவையில்லை.

கிணறு விஷயம் தனி. டீசல் என்ஜின் ஓடிய கிணற்றில் புகை தங்கும். விழுந்தவரை தூக்க இறங்கியவரும் மயங்கி விழுவது இப்படித்தான். விளக்கு இறக்கி பார்க்கிற பழக்கத்தை நம்ப முடியாது. விஷப்புகை இருந்தாலும் சுடர் அணையாமல் எரியும். 101-க்கோ 112-க்கோ போன் போட்டுவிட்டு, மேலிருந்தே கயிறு விடுங்க. காற்று சோதிக்காமல் யாரும் இறங்க வேண்டாம்.