வலியின் ரசிகர்கள்

சைக்கிள் பந்தயம் என்றால் அதில் கொஞ்சம் ரத்தமும் இருக்கத்தான் வேண்டும் என்று சொல்கிற கட்சி ஒன்று ஐரோப்பாவில் நெடுங்காலமாக இருந்துவருகிறது. தூரத்திலிருந்து திரையில் பார்க்கிற நம் போன்றவர்களிடையேயும் இப்போது அதற்குக் கிளைகள் முளைத்துவிட்டன. இவர்களுடைய வாதம் சுருக்கமானது. அந்தக் காலத்து வீரன் இரும்பு; இந்தக் காலத்து வீரன் மழைக்கு ஒதுங்குகிற பொம்மை. பனி பெய்தது, பாதை சரியில்லை, இறக்கம் ஆபத்தானது என்று அவன் வாய் திறந்தால், "அப்படியானால் ஏன் இந்தத் தொழிலுக்கு வந்தாய்?" என்று கேட்கிறார்கள். கேட்பவர் சாய்வு நாற்காலியில் இருக்கிறார் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இந்தக் கட்சியை நான் எதிர்க்கிறேன். பந்தயம் பிடிக்காமல் எதிர்க்கவில்லை. ஜூலை மாதம் வந்துவிட்டால், எழுத உட்கார வேண்டிய மாலைப் பொழுதுகளைப் பிரான்ஸ் நாட்டு மலைச் சாலைகளுக்குத் தானம் செய்துவிடுகிற பேர்வழி நான். 21 நாள், ஏறக்குறைய 3,300 கிலோமீட்டர். வேறெந்த விளையாட்டிலும் இல்லாத சில விஷயங்கள் இதில் இருக்கின்றன. டிக்கெட் கிடையாது, வீட்டு வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டு கிழவியும் பேரனும் பார்க்கலாம். ஜெயிக்கிறவன் ஒருவன், அவனை ஜெயிக்கவைக்க ஏழு பேர் காற்றை மார்பில் வாங்கிக்கொண்டு முன்னால் போகிறார்கள், பின்னால் காருக்குப் போய்த் தண்ணீர்ப் புட்டிகளைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு வருகிறார்கள். பிரெஞ்சில் அவர்களுக்குப் பெயரே 'வேலைக்காரன்' என்பதுதான். 1934-ல் ரெனே வியேத்தோ என்ற இருபது வயதுப் பையன், தன் சக்கரத்தைத் தலைவன் அந்தோனான் மாஞ்யுக்குக் கழற்றிக் கொடுத்துவிட்டு, சாலையோரக் கல்சுவரில் உட்கார்ந்து அழுகிற புகைப்படம் ஒன்று உண்டு. நாவல் எழுதுகிறவன் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு இந்த விளையாட்டை அலட்சியம் செய்ய முடியாது.

ஆனால் அந்தப் படத்தை ரசிக்கிறபோதே மனத்தில் ஒன்று உறுத்துகிறது. நாம் ரசிப்பது தியாகத்தையா, அழுகையையா?

ஆதியிலிருந்து பார்த்தால் இந்தப் பந்தயத்தில் வலி தற்செயலாக வந்ததல்ல. அது சரக்கு. 'லோத்தோ' என்ற பத்திரிகை தன் விற்பனையைக் கூட்டிக்கொள்ளவே 1903-ல் டூர் தெ பிரான்ஸைத் தொடங்கியது. அடுத்த ஆண்டே எதிரிப் பத்திரிகையான 'லெ வேலோ' கடையைக் கட்டிவிட்டது. பத்திரிகை ஆசிரியர் ஆன்ரி தெக்ராஞ்ச் போட்ட விதிகளைப் படித்தால் பந்தய விதிகளாகத் தோன்றாது, சிறைச்சாலை விதிகளாகத் தோன்றும். வண்டி உடைந்தால் அவனவனே சரிசெய்துகொள்ள வேண்டும், எவரும் கை கொடுக்கக் கூடாது. 1913-ல் யூஜின் கிறிஸ்தோஃப் ஜெயிக்கக்கூடிய நிலையில் இருந்தார். துர்மலே கணவாயிலிருந்து இறங்கும்போது வண்டியின் முன் போர்க் முறிந்தது. வண்டியைத் தோளில் சுமந்துகொண்டு பத்து கிலோமீட்டருக்கு மேல் நடந்து, சேந்த்-மரீ-த-கம்பான் என்ற சிற்றூரின் கொல்லன் பட்டறைக்குப் போய், அதிகாரிகள் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்க, தானே இரும்பைக் காய்ச்சி அடித்துப் பற்றவைத்தார். மணிக்கணக்கில் நேரம் போயிற்று. அப்புறம் அவருக்கு அபராதமும் விதித்தார்கள். ஏன் தெரியுமா? ஒரு சிறுவன் துருத்தி ஊதிக் கொடுத்தானாம்!

இன்றைக்கு அந்த ஊரில் அதற்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. ரசிகர்கள் போய்ப் படம் பிடித்துக்கொள்கிறார்கள். கிறிஸ்தோஃபின் விடாப்பிடிக்கு நானும் தலைவணங்குகிறேன். ஆனால் அந்த அபராதம் போட்ட ஆசாமியைப் பற்றி ஒருவரும் கோபப்படுவதில்லையே, அதுதான் எனக்கு ஆச்சரியம். கொடுமையும் வீரமும் ஒரே கதையில் வந்துவிட்டால் நாம் வீரத்துக்கு மாலை போட்டுவிட்டுக் கொடுமையைப் பின்னணி இசையாக்கிவிடுகிறோம்.

கோபப்பட்டவர்கள் வீரர்களேதான். 1923-ல் ஜெயித்த ஆன்ரி பெலிசியே, அடுத்த வருஷமே குத்தான்ஸ் என்ற ஊரில் தம்பியோடும் இன்னொரு தோழரோடும் பந்தயத்தை விட்டு இறங்கிவிட்டார். காலைக் குளிருக்கு இரண்டு சட்டை போட்டுப் புறப்பட்டவன் வெயில் ஏறியதும் ஒன்றைக் கழற்றி எறியக் கூடாது என்று ஒரு விதி; அதைச் சோதிக்க அதிகாரி வந்து அவர் சட்டையைத் தூக்கிப் பார்த்தார். ஜெயித்தவனுடைய சட்டையைத் தூக்கிப் பார்ப்பதா? காபிக் கடையில் உட்கார்ந்து, தங்கள் பைகளிலிருந்த மருந்துப் புட்டிகளை எடுத்துக் காட்டி, கண்ணுக்கு இது கொக்கெய்ன், ஈறுக்கு இது குளோரோஃபார்ம் என்று அல்பேர் லோந்த்ர் என்ற நிருபரிடம் அவர்கள் சொன்னது பத்திரிகையில் வந்தது. 1924-லேயே எல்லாம் வெட்டவெளிச்சம். அதன் பிறகும் 'இவர்கள் எப்படி இத்தனை வேகமாக மலை ஏறுகிறார்கள்?' என்று வியந்துகொண்டே முக்கால் நூற்றாண்டை ரசிகர் கூட்டம் கழித்தது.

1967-ல் வான்டூ மலையின் உச்சிக்குச் சற்றுக் கீழே, கொளுத்தும் வெயிலில், டாம் சிம்ப்ஸன் என்ற ஆங்கிலேயர் விழுந்து இறந்தார். வயது 29. உடம்பில் ஆம்ஃபெட்டமின் இருந்தது. விழுந்த இடத்தில் இன்று ஒரு கல். 1999-ல் கிறிஸ்தோஃப் பாஸோன்ஸ் என்ற பிரெஞ்சு வீரர், மருந்து இல்லாமல் இந்த வேகம் வராது என்று எழுதியதற்காகச் சக வீரர்களாலேயே ஒதுக்கப்பட்டுப் பந்தயத்தை விட்டு வெளியேறினார். அவரை வீட்டுக்குப் போகச் சொன்னவர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங். அந்த ஆம்ஸ்ட்ராங்கின் ஏழு வெற்றிகளும் 2012-ல் பறிக்கப்பட்டன. எல்லோரும் அவரை ஏசினார்கள், நியாயம்தான். பாஸோன்ஸிடம் மன்னிப்புக் கேட்டவர்கள் எத்தனை பேர்? இரும்பு மனிதன்தான் வேண்டும் என்று கூட்டம் அடம் பிடித்தால், இரும்பு மனிதன் மருந்துக் கடையில்தான் கிடைப்பான்.

மருந்து விவகாரம் எல்லோருக்கும் தெரிந்ததே. என் வழக்கு வேறு. கஷ்டம் என்பது ஒன்று. ஆபத்து என்பது வேறொன்று. இந்த இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டுவதுதான் அந்தக் கட்சியின் சூழ்ச்சி. மலை ஏறுவது கஷ்டம். எதிர்க்காற்று கஷ்டம். 200 கிலோமீட்டருக்குப் பிறகு இன்னும் ஒரு கணவாய் வைப்பது மகா கஷ்டம். வைக்கட்டும், அதைப் பார்க்கத்தான் உட்கார்ந்திருக்கிறோம். ஆனால் ஈரமான இறக்கத்தில் தடுப்பில்லாத வளைவை வைப்பது கஷ்டத்தில் சேராது, அலட்சியத்தில் சேரும். 1995-ல் ஃபாபியோ கஸார்டெல்லி போர்ட்டே தாஸ்பே இறக்கத்தில் போனார். 2011-ல் இத்தாலியச் சுற்றில் வவுட்டர் வெய்லான்ட், அதுவும் ஓர் இறக்கத்தில். 2023-ல் ஸ்விட்சர்லாந்தில் அல்புலா கணவாயிலிருந்து இறங்குகையில் ஜீனோ மேடர், வயது 26. இவர்களில் ஒருவரும் ஏறும்போது சாகவில்லை. இறக்கம் முடிந்ததும் எல்லைக்கோடு என்று பாதை வகுக்கிறார்களே, அது யாருடைய கண்ணுக்காக? நம் கண்ணுக்காகத்தான். படம் நன்றாக வரும்.

'வீரர்களே பாதுகாப்பை விரும்புவதில்லை' என்று எதிர்த்தரப்பில் சொல்வார்கள். உண்மைதான், மறைப்பானேன்? 1991-ல் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியபோது பாரீஸ்-நீஸ் பந்தயத்தில் வீரர்களே முரண்டு பிடித்து விதியை முறியடித்தார்கள். 2003-ல் அதே பந்தயத்தில் ஆண்ட்ரே கிவிலெவ் தலையில் அடிபட்டு இறந்த பிறகுதான் ஹெல்மெட் நிலைத்தது. இன்றைக்கு எந்த வீரனாவது அதைப் பற்றி முணுமுணுக்கிறானா? தொழிலாளி தன் பாதுகாப்பை வேண்டாம் என்று சொல்வது ஆலைகளிலும் சுரங்கங்களிலும் நடக்கிற விஷயம். பக்கத்திலிருப்பவன் கோழை என்று நினைத்துவிடுவானோ என்ற பயம், பாதுகாப்பில்லாத சுரங்கத்தைவிடப் பெரிய பயம். அந்தப் பயத்துக்குத் தூபம் போடுகிறவன் வெளியே நின்று கைதட்டுகிறான்.

2020 அக்டோபரில் இத்தாலியச் சுற்றின் 19-ஆம் நாள். முந்தின நாள்தான் ஸ்டெல்வியோ கணவாயைக் கடந்து வந்திருந்தார்கள். மொர்பெஞ்ஞோவிலிருந்து ஆஸ்தி வரை 258 கிலோமீட்டர், கொட்டும் மழை. வீரர்கள் மறுத்தார்கள், பஸ்ஸில் ஏறி வேறு இடத்துக்குப் போய், ஏறக்குறைய பாதி தூரம் மட்டும் ஓட்டினார்கள். பந்தய இயக்குநர் பகிரங்கமாகக் கோபித்துக்கொண்டார். ரசிகர்கள் அவரையும் மிஞ்சினார்கள். வேலைநிறுத்தத்தை அவர்கள் செய்த விதத்தில் எனக்கும் குறை உண்டு. காலையில் மழையில் வந்து நின்று சொன்னதை முந்தின இரவே தெளிவாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் மூன்று வாரம் உடம்பைப் பிழிந்தவன் ஒரு நாள் 'போதும்' என்றால் அவனைச் சோம்பேறி என்பதற்கு நமக்கு என்ன உரிமை? டூரை ஜெயிக்கிறவனுக்குக் கிடைக்கும் பரிசு 5 லட்சம் யூரோ. வழக்கப்படி அதையும் கூட்டாளிகளுக்குப் பகிர்ந்துவிடுவான். ஒளிபரப்பு உரிமைப் பணமோ பந்தயம் நடத்துகிறவர்களுக்குப் போகிறது.

அதே 2020 ஆகஸ்டில் போலந்தின் கட்டோவிட்செ நகரில் நடந்தது இன்னும் மோசம். எல்லைக்கோட்டை இறக்கத்தில் வைத்திருந்தார்கள். மணிக்கு ஏறக்குறைய 80 கிலோமீட்டர் வேகத்தில் டிலான் குரூனவேகன் பாதை மாறி ஒதுக்க, ஃபாபியோ யாகப்சன் தடுப்புகளில் மோதினார். தடுப்புகள் பிய்த்துக்கொண்டு பறந்தன. யாகப்சனைச் செயற்கை மயக்கத்தில் வைத்துக் காப்பாற்றினார்கள். பற்கள் அநேகமாக எல்லாம் போய்விட்டன. குரூனவேகனுக்கு ஒன்பது மாதத் தடை. அது சரி. அவருக்கு வந்த கொலை மிரட்டல்களும் சரியா? அந்த இறக்கத்தைப் பற்றி வீரர்கள் முன்பே புலம்பியிருந்தார்கள். அதை அங்கே வைத்த மகானுபாவர்கள் வீட்டுக்கு ஒரு மிரட்டல் கடிதமும் போனதாக நான் கேள்விப்படவில்லை. போக வேண்டும் என்றும் சொல்லவில்லை. 2022 டூரில், டென்மார்க் மண்ணில், ஒரு நாள் யாகப்சன் ஜெயித்தார். மறுநாள் குரூனவேகன் ஜெயித்தார். அன்று அழுதவர்களில் நானும் ஒருவன். ஆனால் அந்தக் கண்ணீரால் கட்டோவிட்செயின் தடுப்புக் கம்பி ஒன்றுகூட உறுதிப்பட்டுவிடாது.

கடைசியாக ஒரு விஷயம். இதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையையே எழுதினேன். 2015-லிருந்து டூர் வீரர்களின் இருக்கைக்கு அடியில் செயற்கைக்கோள் வழி இடங்காட்டும் கருவி இருக்கிறது. யார் யாருக்கு எத்தனை வினாடி முன்னால், எவ்வளவு வேகம் என்று திரையில் எண்கள் ஓடுகின்றனவே, அவை அதிலிருந்து வருகிறவை. நமக்காக வைத்தது. 2024 செப்டம்பர் 26 அன்று, ஜூரிச் நகரில் உலகப் போட்டியில் இளம் பெண்களுக்கான பந்தயம். மழை. காட்டுக்குள் ஓர் இறக்கத்தில் மூரியல் ஃபூரர் என்ற 18 வயதுப் பெண் சாலையை விட்டு விலகி விழுந்தாள். அவள் விழுந்ததை யாரும் பார்க்கவில்லை. நெடுநேரம் கழித்தே கண்டுபிடித்தார்கள். மறுநாள் இறந்துபோனாள். காதில் பேசும் வானொலிக்கும் அந்தப் போட்டியில் அனுமதியில்லை. முன்னால் போகிறவனின் வேகத்தைப் பாதிச் சுற்று உலகத்துக்கு அப்பால் இருக்கும் எனக்குத் துல்லியமாகச் சொல்லத் தெரிந்த ஒரு விளையாட்டுக்கு, தன் சொந்த ஊர்ச் சாலைக்கருகே விழுந்துகிடந்த ஒரு பெண் எங்கே என்று தெரியவில்லை. ஒன்பது வருஷமாகக் கருவி கையில் இருந்தது!

2025 ஆகஸ்டில் ரொமாண்டி பெண்கள் சுற்றில் அந்தக் கருவியைப் பாதுகாப்புக்காகச் சோதித்துப் பார்க்க முயன்றார்கள். அணிக்கு ஒருத்தியாவது அணிய வேண்டும். யாருடைய கருவி, கிடைக்கும் தகவல் யாருக்குச் சொந்தம், யார் பெயரைச் சொல்வது என்று சச்சரவு மூண்டு, ஐந்து அணிகள் பந்தயம் தொடங்கும் முன்பே விலக்கப்பட்டன. அது ஃபூரரின் சொந்த நாடு. அவள் இறந்து ஓர் ஆண்டுகூட ஆகவில்லை. சம்மேளனமும் அணிகளும் ஒருவரையொருவர் குற்றம் சொல்லி அறிக்கை விட்டன. இரண்டு தரப்பு அறிக்கைகளையும் படித்தேன். இரண்டு தரப்பிலும் சட்டம் இருந்தது.

'இத்தனை சொல்கிறாயே, அப்படியானால் பார்க்காமல் இருந்துவிடேன்' என்று கேட்கிறார்கள். பார்க்கத்தான் போகிறேன். 2025 பாரீஸ்-ரூபே பந்தயத்தில் முன்னணியில் போய்க்கொண்டிருந்த மாத்தியூ வான் டெர் போலின் முகத்தின்மீது தண்ணீர் நிறைந்த புட்டியை எறிந்தானே, அவனும் ரசிகன் என்றுதான் தன்னைச் சொல்லிக்கொண்டிருப்பான். அவனிடம் இந்தச் சாலையை விட்டுவிட்டுப் போக எனக்குச் சம்மதமில்லை. இந்த விளையாட்டு டிக்கெட் விற்பதில்லை. நம் கண்ணைத்தான் விற்கிறது. சட்டையில் பெயர் பொறித்துக்கொள்கிற கம்பெனிகள் அந்தக் கண்களை எண்ணித்தான் பணம் கொடுக்கின்றன. வீரன் மழையில் நின்று 'முடியாது' என்று சொல்கிற நாளில் அவனை ஏசி நாலு பேர் எழுதினால், அவன் பக்கம் நின்று ஐந்தாவது ஆளாக நான் எழுதுவேன். இப்போது எழுதிக்கொண்டிருப்பதும் அதுதான்.